பின்புறமிருந்து வேலை செய்தவர்கள்



இந்த அறக்கட்டளையின் மேடையில் இலக்கியம் பேசுவதுதான் வழக்கம். கண்ணாடியிலும் சில்லுகளிலும் வேலை செய்த கலைஞர்களைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டபோது அமைப்பாளர்கள் உடனே இசைந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. கொல்கத்தாவில் குடியிருக்கும் நமக்கு இந்தக் கலையின் பெரிய சாதனைகள் பேருந்து ஏறிப் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் நம்மைப் பார்க்க ஊரிலிருந்து உறவினர் வந்தால் காளிகாட்டுக்கும் தட்சிணேஸ்வரத்துக்கும் விக்டோரியா நினைவகத்துக்கும் கூட்டிப் போகிறோம். விக்டோரியா நினைவகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் மேற்குச் சாளரத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறோம்.

துணியில் தீட்டும் ஓவியன் தன் படம் வளர்வதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே தீட்டுகிறான். ஒரு கோடு பிசகினால் உடனே தெரியும், திருத்திக்கொள்ளலாம். கண்ணாடியில் வேலை செய்கிறவருக்கும் சில்லு பதிக்கிறவருக்கும் பல நேரங்களில் அந்த வசதி கிடையாது. அவர்கள் படைப்பின் முதுகுப்புறத்தில் நின்று வேலை செய்கிறார்கள். முகம் எப்படி வந்திருக்கிறது என்பது வேலை முடிந்தபின், அதுவும் வேறோர் இடத்தில், வேறொரு வெளிச்சத்தில்தான் தெரியவரும். சிலருக்கு அதைப் பார்க்கும் வாய்ப்பே அமைவதில்லை. இந்தக் கலைஞர்களை நாம் எளிதில் மறந்துவிடுவதற்கும் இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். அவர்களுடைய வேலை கட்டடத்தோடு கலந்துவிடுகிறது. பிறகு அது கட்டடத்தின் பெயரில்தான் வழங்குகிறது.

செயின்ட் பால்ஸ் தேவாலயத்துக்கு 1839-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1847-இல் அது வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அதன் கிழக்குச் சாளரத்தில் பெஞ்சமின் வெஸ்ட் வரைந்த வடிவத்தில் அமைந்த வண்ணக் கண்ணாடி இருந்தது. 1864 அக்டோபர் 5-ஆம் தேதி இந்த நகரத்தைச் சூறையாடிய பெரும்புயலில் அந்தக் கண்ணாடி நொறுங்கிப்போனது. பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன புயல் அது. ஒரு சாளரம் போனதைப் பற்றி அன்று யாரும் வெகுநேரம் வருந்தியிருக்க முடியாது. ஆனால் கண்ணாடிக்கலை வங்காளத்தில் எந்த ஆபத்தோடு குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது என்பதை அந்த இழப்பு காட்டிவிட்டது.

மேற்குச் சாளரத்தின் கதை வேறு. வைசிராய் மேயோ பிரபு 1872 பிப்ரவரி 8 அன்று அந்தமானில், போர்ட் பிளேரில், ஷேர் அலி அப்ரிதி என்ற கைதியால் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய நினைவாக 1880-இல் இந்தச் சாளரம் வைக்கப்பட்டது. வரைந்தவர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ். செய்து கொடுத்தது லண்டனில் வில்லியம் மாரிஸ் நடத்திவந்த நிறுவனம்.

அந்தப் பட்டறையில் வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பர்ன்-ஜோன்ஸ் உருவங்களை முழு அளவில் தாளில் வரைந்து கொடுப்பார். எந்த ஆடைக்கு எந்த நீலம், எந்த இறக்கைக்கு எந்தச் சிவப்பு என்று நிறம் முடிவு செய்வது பெரும்பாலும் மாரிஸ். கண்ணாடியை அவர்கள் காய்ச்சுவதில்லை, தேர்ந்த ஆலைகளிலிருந்து வாங்குவார்கள். நிறம் மேலே பூசப்பட்டதன்று, கண்ணாடியைக் காய்ச்சும்போதே உள்ளே கலந்திருப்பது. கோபால்ட் சேர்த்தால் நீலம் வரும். முகத்தின் கண், மூக்கு, விரல் நகம், துணியின் மடிப்பு இவற்றை மட்டும் கருநிறப் பொடியைக் குழைத்துத் தூரிகையால் எழுதி, சூளையில் வைத்துச் சுடுவார்கள். எழுதியது கண்ணாடியோடு உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு துண்டுகளை ஒவ்வொன்றாக ஈயப்பட்டியில் செருக வேண்டும். பட்டியின் இருபுறமும் பள்ளம் இருக்கும், ஒரு பள்ளத்தில் ஒரு துண்டு, மறு பள்ளத்தில் அதன் அண்டைத் துண்டு. மூட்டுகளைப் பற்றவைத்து, இடுக்குகளில் மக்கு அடைத்து, காற்றுக்கு வளையாமலிருக்கக் குறுக்கே இரும்புக் கம்பி கொடுப்பார்கள். நாம் கோடு என்று பார்ப்பது அந்த ஈயம்தான். படத்தைத் தாங்குவதும் அதுதான், படத்தை வரைவதும் அதுதான். உருவத்தின் கழுத்தை வெட்டாமல், கண்ணுக்கு உறுத்தாமல் அந்தக் கோட்டை எங்கே ஓட்டுவது என்பதில்தான் கலைஞனின் தேர்ச்சி அத்தனையும் இருக்கிறது.

சிவப்பு மட்டும் தனிக் கதை. செம்பு சேர்த்துக் காய்ச்சிய சிவப்புக் கண்ணாடி, சாளரத்துக்கு வேண்டிய கனத்தில் செய்தால், ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். வெளிச்சம் உள்ளே வராது. ஆகவே நிறமில்லாத கண்ணாடியின்மேல் மெல்லிய சிவப்புத் தோல் ஒன்றைப் படியவைத்துச் செய்வார்கள். செம்பு ஏன் சிவக்கிறது என்ற கேள்வியை நெடுநாள் ஆராய்ந்தவர் நம் நாட்டு விஞ்ஞானி ஆத்மா ராம். இதே நகரத்தில், யாதவ்பூரில், 1950-இல் தொடங்கிய மத்தியக் கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். நுண்ணோக்கிக்கும் தொலைநோக்கிக்கும் வேண்டிய ஒளியியல் கண்ணாடியை இந்தியாவிலேயே செய்ய வழிவகுத்தவர். 1959-இல் பட்நாகர் விருது பெற்றார். நம்மில் எத்தனையோ பேர் யாதவ்பூரில் குடியிருந்திருக்கிறோம், அந்த வளாகத்தின் மதிலை ஒட்டி நடந்திருக்கிறோம். அவர் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பர்ன்-ஜோன்ஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. லண்டனின் மங்கல் வெளிச்சத்தில் பிறந்த சாளரத்தை வங்காளத்து மேற்கு வெயில் எப்படி ஏற்றிக் காட்டுகிறது என்பதை அவர் கண்டதில்லை. மழைக்காலம் முடிந்து ஆகாயம் கழுவிவிட்டதுபோல் இருக்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் போய் நில்லுங்கள். சூரியன் இறங்க இறங்க, முதலில் அடங்கியிருந்த நீலம் முன்னே வரும், சிவப்பு கனலும். அதே சாளரத்தைக் காலை பத்து மணிக்குப் பார்த்தவர் பாதிதான் பார்த்தவர். 1897, 1934 நிலநடுக்கங்கள் இந்தத் தேவாலயத்தின் கோபுரத்தைச் சாய்த்தன. இரண்டாம் முறை அதை கேன்டர்பரி தேவாலயத்துக் கோபுரத்தின் சாயலில் கட்டினார்கள். மேற்குச் சாளரம் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

இப்போது நகரத்தின் வடக்கே, மாணிக்தலா பக்கம் போவோம். பத்ரிதாஸ் கோயில் தெருவில் உள்ள சமணக் கோயிலைப் பரேஷ்நாத் கோயில் என்று ஊர் சொல்கிறது. மூலவர் பத்தாம் தீர்த்தங்கரரான சீதளநாதர். ராய் பத்ரிதாஸ் பகதூர் முகீம் 1867-இல் கட்டியது. மேற்குச் சாளரத்துக்குப் பதின்மூன்று ஆண்டு மூத்தது. தேவாலயத்தில் வெளியிலிருந்து வரும் ஒளியைக் கண்ணாடி உள்ளே விடுகிறது. இங்கே உள்ளே எரியும் ஒளியைக் கண்ணாடி திருப்பி அனுப்புகிறது. தூணிலும் வளைவிலும் மேல்விதானத்திலும் கண்ணாடிச் சில்லும் வண்ணத் துண்டுகளும் பூவும் கொடியுமாக இழைத்துப் பதிக்கப்பட்டிருக்கின்றன. கருவறையில் 1867 முதல் அணையாமல் எரிவதாகச் சொல்லும் நெய்விளக்கு ஒன்று உண்டு. அந்த ஒரு சுடரை ஆயிரம் சுடராக்கிக் காட்டும்படிதான் சில்லுகளின் சாய்வு அமைந்திருக்கிறது.

பத்ரிதாஸ் நகை வணிகர். இந்தக் கோயிலைப் பார்க்கும்போது அந்தத் தொழில் நினைவுக்கு வராமல் போகாது. கல் பதிக்கும் ஆசாரி பொன்னுக்குள் கெம்பை எந்தச் சாய்வில் உட்கார வைத்தால் எரியும் என்று பார்ப்பதுபோல, இங்கே சுதையில் சில்லை உட்கார வைத்திருக்கிறார்கள். சமமாக வழவழவென்று பதித்திருந்தால் சுவர் ஒரு பெரிய நிலைக்கண்ணாடியாகி நம் முகத்தைக் காட்டியிருக்கும். நூலளவு முன்பின்னாகப் பதித்ததால் முகம் உடைந்து ஒளி மட்டும் மிஞ்சுகிறது. லாகூர் கோட்டையிலும் ஆமேர் அரண்மனையிலும் உள்ள கண்ணாடி மண்டபங்களின் மரபு இது. குஜராத்தில் கபட்வஞ்ச் என்ற ஊரில் மெல்லிய கண்ணாடிக் குமிழை ஊதி, அதன் உட்புறத்தில் ரசம் பூசி, பிறகு குமிழை உடைத்துச் சில்லாக்குவார்கள். வளைந்த சில்லு என்பதால் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தாலும் பிடித்துக்கொள்ளும். கச்சுப் பாவாடைகளில் தைத்திருக்கும் கண்ணாடிகள் இந்த வகையே.

கட்டியவர் பெயரால் ஒரு தெரு இருக்கிறது. அது நியாயம்தான். சில்லு பதித்த கைகளின் பெயரால் கொல்கத்தாவில் ஒரு சந்துகூடக் கிடையாது. மேற்குச் சாளரத்துக்கு வரைந்தவர் பெயர் தெரியும், ஆனால் ஈயம் பற்றவைத்தவரை யாருக்குத் தெரியும்? வெள்ளைக்காரன், உள்ளூர்க்காரன் என்ற பேதமெல்லாம் இதில் இல்லை. இரண்டு இடத்திலும் கையால் செய்தவன் பெயர்தான் காணாமல் போயிருக்கிறது.

இதே மரபின் ஏழை உறவு ஒன்று வங்காளத்தில் உண்டு, சீனி டிக்ரி என்பார்கள். உடைந்த பீங்கான் துண்டுகளைக் கொண்டு சுவரை அலங்கரிப்பது. டாக்காவில் உள்ள நட்சத்திர மசூதியை 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அலிஜான் பேபாரி என்ற வணிகர் இந்த வேலையால் அலங்கரிக்கச் செய்தார். டாக்கா போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம்.

நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். முதுகுப்புறமிருந்து வேலை என்று நான் சொன்னதன் முழுப் பொருள் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தில் விளங்கும். கண்ணாடியின் பின்பக்கம் தீட்டி முன்பக்கம் பார்ப்பது. சீனத்திலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த முறை, தஞ்சையில் நமக்கே உரியதாக வேரூன்றிவிட்டது. பலகையில் தீட்டும்போது பின்னணியை முதலில் போட்டு, உடல், ஆடை, நகை என்று வந்து, கடைசியில் கண் திறப்பார்கள். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். கண்மணியில் தெறிக்கும் வெள்ளைப் புள்ளியை முதலில் வைக்க வேண்டும். அடுத்து மை, புருவம், மூக்குத்தி, முத்துமாலை. அதன்பின் மேனியின் நிறம். கடைசியில்தான் திரைச்சீலையும் ஆகாயமும். வலது கை இடதாகும் என்பதையும் மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் கண்ணன் வெண்ணெய்ப் பந்தை இடக்கையில் ஏந்திவிடுவான். முதல் புள்ளி பிசகினால் அதைத் திருத்த வழியில்லை, அதன்மேல் அடுக்கிய நிறம் முழுவதையும் சுரண்டியாக வேண்டும். முடிவைத் தொடக்கத்திலேயே மனத்தில் முழுதாகக் கண்டவரால்தான் இதைச் செய்ய முடியும்.

இந்த ஓவியங்களைத் தேடிச் சேர்த்து, இவற்றுக்கு ஒரு வரலாறு உண்டு என்று எழுதிக் காட்டியவர் ஜெயா அப்பாசாமி. 1918-இல் சென்னையில் பிறந்து, வங்காளத்துக்கு வந்து சாந்திநிகேதனில் பயின்ற ஓவியர், கலை வரலாற்றாளர். இந்தியக் கண்ணாடி ஓவியங்களைப் பற்றிய அவருடைய நூல் 1980-இல் வந்தது. அதுவரை அவை பூஜையறைப் படம், பழைய சாமான் என்ற கணக்கில்தான் இருந்தன. ஒரு தமிழ்ப் பெண்மணி செய்த இந்த வேலையைத் தமிழ்நாடு போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் வருத்தம்.

செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லிலும் இதே சூட்சுமம் இருக்கிறது. தரையில் பதிக்கும் அந்தப் பூக்கல்லைக் கண்ணாடிமேல்தான் வார்க்கிறார்கள். சதுரக் கண்ணாடிமேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூவேலை அச்சு. அச்சின் அறைகளில் வண்ணச் சிமென்ட்டுக் குழம்பை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, பின் காரை போட்டு மட்டம் தட்டுவார்கள். பூவின் முகம் கீழே, கண்ணாடியில் படிந்து கிடக்கும். செய்பவர் பார்ப்பது கல்லின் முதுகைத்தான். உலர்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடி கழன்று வந்தபின் அந்த வழவழப்பு வெளிப்படும். கண்ணாடி தன் பளபளப்பைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. இத்தாலி முதலிய மேலைநாடுகளின் மொசைக் பட்டறைகளிலும் சில்லுகளை முகம் கீழாகத் தாளில் ஒட்டி, தாளோடு தூக்கிச் சுவரில் பதித்து, காரை இறுகியபின் தாளை நனைத்து உரிக்கும் முறை உண்டு. காரைக்குடிக்கும் இத்தாலிக்கும் தொழிலில் அத்தனை நெருக்கம்.

தமிழுக்கும் வங்காளத்துக்கும் நடுவில் இந்தக் கலையில் பாலமாக நின்றவர் கே.ஜி. சுப்பிரமணியன். 1924-இல் கேரளத்தில் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்று, 1944-இல் சாந்திநிகேதனுக்கு வந்தவர். பிற்பாடு பரோடாவில் ஆசிரியர், 1980-இல் மறுபடி சாந்திநிகேதனில் பேராசிரியர். 1963-இல் லக்னோவில் ரவீந்திராலயத்தின் சுவரில், தாகூரின் 'ராஜா' நாடகத்தைக் கருவாகக் கொண்டு சுடுமண் ஓடுகளால் ஒரு பெரிய சுவரோவியம் செய்தார். பின்னாளில் கண்ணாடியின் பின்புறம் தீட்டும் முறையைக் கையில் எடுத்தார். கடைத்தெருவிலும் பூஜையறையிலும் கிடந்த முறையில், பூனையும் பெண்ணும் தேவியும் அசுரனும் ஒருவரோடொருவர் வம்பளக்கும் தன் உலகத்தைக் கொண்டுவந்தார். நாட்டுப்புறக் கைவேலையைப் பாராட்டிப் பேசியவர்கள் அந்த நாளில் நிறைய உண்டு. அதன் ஒழுங்குமுறைக்குத் தன் கையை ஒப்புக்கொடுத்தவர்கள் சிலரே. அந்தச் சிலரில் முதல்வர் அவர் என்பது என் கணிப்பு.

அவருடைய ஆசிரியர் பினோத் பிஹாரி முகர்ஜி. இன்றைய பேச்சில் நான் வந்து சேர விரும்பிய இடம் இவர்தான். 1904-இல் நம் கொல்கத்தாவின் பேஹாலாவில் பிறந்தவர். பிறவியிலேயே கண்பார்வை மோசம். ஒரு கண் பயன்படவில்லை, மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. பள்ளிகள் தயங்கிய பிள்ளையை சாந்திநிகேதன் ஏற்றுக்கொண்டது. நந்தலால் போஸின் மாணவரானார். 1946, 47-இல் அங்கே ஹிந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்காலப் பக்தர்களின் வாழ்க்கையை வரைந்தார். அப்போது உதவிக்கு நின்ற மாணவர்களில் சுப்பிரமணியனும் ஒருவர். ஐம்பது வயதைத் தாண்டியபின், கண் அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து, முகர்ஜியின் பார்வை முழுவதும் போய்விட்டது.

அதோடு ஓவியம் முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவர் காகிதத்தை எடுத்தார். மடித்தார், கத்தரித்தார், விளிம்பை விரலால் தடவி உருவம் அறிந்தார், ஒட்டினார். களிமண்ணிலும் மெழுகிலும் சிறு உருவங்கள் செய்தார். 1972-இல் சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவனத்தின் வெளிச்சுவரில் சுட்ட ஓடுகளால் ஒரு சுவரோவியம் அமைத்தார். அவருடைய மாணவராக இருந்த சத்யஜித் ராய் அதே ஆண்டில் 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். அந்தச் சுவர் உருவாவதை அதில் பார்க்கலாம்.

பார்வையற்றவர் செய்த அற்புதம் என்று இதைச் சொல்லிக் கடந்துவிடுவது அவருக்குச் செய்யும் அநீதி. அந்தச் சுவரில் அனுதாபம் கேட்கும் உருவம் ஒன்றுகூட இல்லை. உருவத்துக்கும் உருவத்துக்கும் இடையே எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும், நடந்து போகிறவர் கண் எங்கே தங்கி எங்கே நகரும் என்பதை பல்லாண்டுக் காலம் சுவர்களோடு பழகிய மனம் அறிந்திருந்தது. நிறத்தை அவர் நினைவிலிருந்து சொன்னார். கோட்டை விரலால் அளந்தார். உடனிருந்தவர்கள் ஓடுகளைச் சுவரில் பதித்தார்கள். தஞ்சாவூர் ஓவியரும் ஆத்தங்குடிக்காரரும் வேலை முடியும்வரை அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. இவர் முடிந்தபின்னும் பார்க்கவில்லை. ஆனால் அவர்கள் எல்லாருக்கும் பொதுவான அந்தத் திறமை, கையிலிருப்பதைக் காணுமுன்பே மனத்தில் முழுதாகக் கண்டுவிடும் திறமை, இவரிடம்தான் அதன் எல்லையைத் தொட்டது. நவீன வங்காளத்தின் சுவர்களில் எனக்கு இதற்கு மேல் ஒன்று தெரியாது.

அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட 'சித்ரகர்' என்ற நினைவுநூலை வங்காளியிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றவர் சுப்பிரமணியன். பதிப்பித்தது கொல்கத்தாவின் சீகல் புத்தக நிறுவனம். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மாணவர் ஒருவர் தம் வங்காளி ஆசிரியருக்குச் செலுத்திய குருதட்சிணை அது. அந்த நூல் மூல வங்காளியிலிருந்து நேராகத் தமிழுக்கு வர வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் இந்த அரங்கத்திலேயே இருக்கிறீர்கள்.

இன்றைக்கு இந்தக் கலை செத்துவிடவில்லை. துர்கா பூஜைப் பந்தல்களைப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் எங்காவது ஒரு பந்தலில் கண்ணாடிச் சில்லும் வளையலும் பாட்டிலும் கொண்டு இழைத்திருப்பார்கள். மாதக்கணக்கில் உழைத்து, நாலைந்து நாள் ஊரே வந்து பார்த்தபின் பிரித்துவிடுகிறார்கள். அது அந்தக் கலையின் இயல்பு, அதில் எனக்குக் குறையில்லை. நிலைக்க வேண்டும் என்று செய்தவையும் அதே வேகத்தில் பிரிக்கப்படுகின்றனவே, அதுதான் கவலை. வடக்குக் கொல்கத்தாவின் பழைய வீடுகளில் மரச் சிலாம்புச் சன்னல்களின் தலைப்பில் விசிறியாக விரிந்திருந்த பச்சை, நீலக் கண்ணாடிகள் வீட்டோடு இடிபடுகின்றன. இல்லையென்றால் கழற்றப்பட்டு ஏலத்துக்குப் போகின்றன. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் வண்ணக் கண்ணாடியும் கண்ணாடி ஓவியங்களும் விலைக்கு நிற்கின்றன. வாங்குகிறவருக்கு அது எந்த வீட்டில், எந்தத் திசை பார்த்து இருந்தது என்று தெரியாது. திசை தெரியாத சாளரத்தில் பாதி அர்த்தம் போய்விடுகிறது.

வீட்டை இடிக்காதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. சொத்தும் பங்காளிகளும் உள்ள குடும்பங்களின் சங்கடம் எனக்கும் தெரியும். கழற்றுவதற்கு முன் செய்யக்கூடியதைத்தான் கேட்கிறேன். உங்கள் சொந்த ஊர் வீட்டிலோ, இந்த நகரத்தில் நீங்கள் வாடகைக்கு இருந்த பழைய வீட்டிலோ வண்ணக் கண்ணாடி, சில்லுவேலை, கண்ணாடி ஓவியம், பூக்கல் தரை ஏதேனும் இருந்தால் அது இருக்கும் இடத்திலேயே, நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். எந்தத் திசைச் சுவர் என்று குறியுங்கள். யார் பதித்தது, எந்த ஊர் ஆசாரி, எந்தக் கொத்தனார் என்று வீட்டுப் பெரியவர்களை இப்போதே கேளுங்கள். கணக்குப் பிள்ளையின் பழைய பேரேட்டில் கூலி எழுதிய பக்கம் கிடைத்தால் அதையும் படம் எடுங்கள். நம் ஊர் வீடுகளில் அந்தப் பெயர்கள் தேடினால் கிடைக்கும்.

இவற்றைச் சேர்த்து வைக்கும் பொறுப்பை இந்த அறக்கட்டளை ஏற்க வேண்டும் என்று உங்கள் முன்னிலையிலேயே வேண்டிக்கொள்கிறேன். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவு அச்சாகும்போது அதன் பின்னிணைப்பாக அந்தப் பெயர்ப் பட்டியல் வரட்டும். பத்துப் பெயர் கிடைத்தாலும் அச்சிடுங்கள்.